தேதி தவறியவர், நாணயம் தவறாதவர்

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வனத்தைக் கடந்து, மறையூரின் கரும்புத் தோட்டங்களையும் சந்தனக் காட்டையும் தாண்டி மலையேறினால் காந்தலூர் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்த, தமிழ் பேசும் மக்கள் மிகுந்த இடுக்கி மாவட்டத்துச் சிற்றூர் அது. ஆப்பிள், பிளம், பீச், ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி ஆகியவற்றோடு, வட்டவடையுடன் சேர்ந்து புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் அங்கே விளைகிறது. 2023ஆம் ஆண்டு மத்திய சுற்றுலா அமைச்சகம் நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் காந்தலூர் தங்க விருது பெற்றது. அதன் பின் விருந்தினர் வரவு பெருகியது. தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடும் விவசாயிகளும் பெருகினர்.

அத்தகைய ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை. அவருடைய அனுமதி பெற்று, அடையாளம் தெரியாத வகையில் எழுதுகிறோம்.

அவர் பூண்டும் பழமும் பயிரிடுபவர். பழக்கூழும் ஜாமும் செய்து விற்பவர். எங்களிடம் கடன் பெற்று மூன்று விருந்தினர் அறைகள் கட்டியவர். அறைகள் வார இறுதிகளில் நிரம்பின. விருந்தினர் திரும்பத் திரும்ப வந்தனர். ஆயினும் அவருடைய கடன் கணக்கில் மூன்று தவணைகள் செலுத்தப்படாமல் 74 நாட்கள் கடந்திருந்தன. நினைவூட்டல் கடிதங்களுக்குப் பதில் இல்லை. தொலைபேசியை அவர் எடுப்பதில்லை. 90 நாட்களைக் கடந்தால் கணக்கு வாராக்கடன் என வகைப்படுத்தப்படும். ஒருவருடைய ஒரு கணக்கு அந்நிலையை அடைந்தால், அதே வங்கியில் அவருக்குள்ள மற்றக் கடன்களும் அவ்வாறே கருதப்படும். எஞ்சியிருந்தவை 16 நாட்கள். எங்கள் கோப்பில் அவருடைய பெயருக்கு எதிரே 'வேண்டுமென்றே தவிர்க்கிறார்' என்ற குறிப்பு ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டது.

நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பிச் சென்றோம்.

அவர் எங்களைக் கண்டு ஒளியவில்லை. மகிழ்ச்சியோடு வரவேற்றுத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். புதிதாக நட்ட கன்றுகள், பாதியில் நின்ற உலர்த்துக் கூடம், வாங்கி இரண்டே முறை பயன்படுத்திய பழச்சாறு இயந்திரம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. தவணையைப் பற்றிக் கேட்டதும் முகம் வாடியது. "போன வாரம்தான் கட்டினேனே!" என்றார். அவர் குறிப்பிட்ட அந்தத் தவணை நான்கு மாதங்களுக்கு முன் கட்டியது. அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு பழப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் எங்கள் கடிதங்கள் அனைத்தும் பிரிக்கப்படாமல் கிடந்தன. "இவர் மனசுல கள்ளம் இல்லை சார். ஆனா காகிதத்தைக் கண்டா ஓடிருவார்" என்றார் அவர்.

விருந்தினர் கைப்பேசி வழியாகச் செலுத்திய தொகையெல்லாம் வேறொரு வங்கியிலுள்ள அவரது சேமிப்புக் கணக்கில் சேர்ந்திருந்தது. மூன்று தவணைகளுக்கும் போதுமான பணம் அங்கே இருந்தது. அன்று மாலையே நிலுவை முழுவதும் செலுத்தப்பட்டது. பணம் இருந்தும் நாள் தவறியது ஏன் என்பதே எங்களுக்கு எஞ்சிய கேள்வி.

மகள் சொன்ன சொல்

விடையைக் கண்டவர் கோவையில் கல்லூரியில் பயிலும் அவருடைய மகள். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், நடிகரும் தயாரிப்பாளருமான ஃபகத் ஃபாசில், மூணாறு செல்லும் வழியிலுள்ள கோதமங்கலத்தில் ஒரு நிகழ்ச்சியில் பேசும்போது, தமக்கு 41ஆம் வயதில் ஏ.டி.எச்.டி. இருப்பது கண்டறியப்பட்டதைக் குறிப்பிட்டார். அச்செய்தியைப் படித்த மகள், அதன் அறிகுறிகளையும் தேடிப் படித்திருக்கிறார். "அப்பாவைப் பற்றி யாரோ எழுதி வைத்தது போல் இருந்தது" என்று அவர் எங்களிடம் சொன்னார். பிறகு தந்தையை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். சில அமர்வுகளுக்குப் பின் மருத்துவர் அதனை உறுதி செய்தார். அப்போது அவருக்கு வயது 47.

ஏ.டி.எச்.டி. என்பதைக் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாடு எனத் தமிழில் கூறலாம். 1902ஆம் ஆண்டு இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவுகள் இதைப் பற்றிய தொடக்ககால மருத்துவப் பதிவுகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன. நீண்ட காலம் இது குழந்தைகளுக்கு மட்டும் உரியது, வளர்ந்தால் நீங்கிவிடும் என்று எண்ணப்பட்டது. பலருக்கு அது முதிர்ந்த வயதிலும் தொடர்கிறது என்பது இன்று தெளிவாகியுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் 11ஆம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் இது மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடாக இடம்பெற்றுள்ளது. இது குடும்பவழியாக வருவது அதிகம். சோம்பலாலோ வளர்ப்பின் பிழையாலோ வருவதன்று.

'கவனக்குறைவு' என்ற சொல் சற்றே தவறான பொருளைத் தரும். இத்தகையோருக்குக் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் நிறுத்துவதுதான் கடினம். பிடித்த வேலையில் உணவையும் மறந்து ஆழ்ந்துவிடுவர். பிடிக்காத வேலை பத்து நிமிடத்தில் முடியக்கூடியதாயினும், பத்து வாரம் தள்ளிப்போகும். காலத்தைப் பற்றிய உணர்வும் வேறுபடுகிறது. 'இப்போது', 'இப்போதல்ல' என்ற இரண்டே காலங்கள்தாம் அவர்களுக்கு. அடுத்த மாதம் 5ஆம் தேதி என்பது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நம் வாடிக்கையாளர் 'போன வாரம்' என்று சொன்னது பொய்யன்று. அவர் உணர்ந்த காலம் அதுதான்.

முயற்சிக்குத் துணை, கணக்குக்குத் தடை

இக்குறைபாடு உள்ளோர் சொந்தத் தொழிலை நாடுவது வியப்பன்று. ஒரே நாற்காலியில் ஒரே வேலையைச் செய்ய இயலாதவருக்குத் தொழில்முனைவு இயல்பான புகலிடமாகிறது. பிறர் தயங்கும் இடத்தில் அவர்கள் துணிந்து இறங்குவர். நெருக்கடியில் அவர்களுடைய மனம் தெளிவடைவதும் உண்டு.

உலக அளவில் இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காணலாம். டேவிட் நீல்மன் என்பவர் தமக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதை வெளிப்படையாகக் கூறிவரும் விமானத் தொழிலதிபர். காகிதமில்லாப் பயணச்சீட்டை விமானத் துறையில் முதலில் நடைமுறைப்படுத்தியவர்களுள் ஒருவர். அவர் தொடங்கிய ஜெட்புளூ நிறுவனம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதல் விமானத்தை இயக்கியது. மற்றொருவர் பால் ஓர்ஃபலியா. எழுத்துகளை வாசிப்பதிலேயே இடர்ப்பட்டவர், ஏ.டி.எச்.டி.யும் உடையவர். 1970இல் அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் மாணவர்களுக்காக ஒரு சிறு நகலெடுப்புக் கடையைத் தொடங்கினார். அதுவே கிங்கோஸ் என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. 2004இல் ஃபெடெக்ஸ் நிறுவனம் அதனை 240 கோடி டாலருக்கு வாங்கியது. ஓர்ஃபலியா அலுவலகத்தில் அமர்ந்து நிர்வகித்தவர் அல்லர். கடை கடையாகச் சென்று, எது நன்றாக நடக்கிறது என்று பார்த்து, அதை மற்றக் கடைகளுக்குச் சொல்வதையே தம் வேலையாக வைத்துக்கொண்டார். கடைகளை அன்றாடம் நடத்தும் பொறுப்பைப் பங்குதாரர்களிடம் விட்டார்.

இக்கதைகளைக் கேட்டு 'இது குறையல்ல, வரம்' என்று முடிவு கட்டுவது சரியன்று. நீல்மனின் நிறுவனம் 2007 பிப்ரவரியில் பனிப்புயலின்போது பெரும் குழப்பத்தில் சிக்கியது. அதே ஆண்டு மே மாதம் தலைமைச் செயல் அதிகாரிப் பொறுப்பிலிருந்து அவர் விலக நேர்ந்தது. பின்னர் பிரேசிலில் அசுல் என்ற புதிய விமான நிறுவனத்தைத் தொடங்கினார். கடன் சுமையிலும் மனச்சோர்விலும் வீழ்ந்தவர்களின் கதைகள் எந்த நூலிலும் வருவதில்லை. வங்கியில் அமர்ந்திருக்கும் நாங்கள் அவற்றையும் காண்கிறோம்.

மறதியின் விலை என்ன?

வணிகவியல் படித்தவர்களுக்கு எதையும் எண்ணாக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. மறதிக்கும் ஒரு விலை இருக்கிறது.

விவசாயக் கடன் அட்டையின் கீழ் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு, அரசின் வட்டி மானியத் திட்டப்படி 7 விழுக்காடு வட்டி. உரிய நாளுக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு மேலும் 3 விழுக்காடு ஊக்கச் சலுகை கிடைக்கிறது. ஆக 4 விழுக்காடுதான். ஓராண்டு முழுவதும் 3 லட்சம் நிலுவையில் இருந்தால் இச்சலுகையின் மதிப்பு 9,000 ரூபாய். நாள் தவறினால் அது கைநழுவுகிறது. நம் வாடிக்கையாளர் அதற்கு முந்தைய ஆண்டு அதையும் இழந்திருந்தார்.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் மாதாந்திரக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால், பொதுவாக நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனையே இல்லாத மாதமாயினும் நாளொன்றுக்கு 20 ரூபாய். கணக்கில் பணமின்றிக் காசோலை திரும்பினால், மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு காத்திருக்கிறது. ஒவ்வொரு தவணைத் தாமதமும் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் ஏறுகிறது. அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது பேசும்.

மறதி ஒரு பக்கம், அவசரம் மறுபக்கம். பார்த்தவுடன் வாங்கிய இயந்திரம், கேட்டவுடன் இட்ட ஜாமீன் கையெழுத்து, கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் பெற்ற கடன் ஆகியவை இவ்வகை. மின்னணுக் கடன்களில், குறிப்பிட்ட கால அவகாசத்துக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் செலுத்தி, அபராதமின்றி விலகும் வசதியை ரிசர்வ் வங்கியின் விதிகள் அளிக்கின்றன. அவசரப்பட்டுக் கடன் பெற்றவர் மறுநாளே இவ்வசதியைக் கேட்டுப் பெறலாம்.

காந்தலூரில் செய்த ஏற்பாடுகள்

மருத்துவர் ஒருபுறம் சிகிச்சையைத் தொடங்கினார். மறுபுறம், அவருடைய மனைவி, மகள், நாங்கள் என எல்லோரும் அமர்ந்து சில ஏற்பாடுகளைச் செய்தோம். நினைவாற்றலை வளர்க்கச் சொல்வதைவிட, நினைவே தேவைப்படாத வழியை அமைப்பது நல்லது என்பதே இவற்றின் அடிப்படை. இக்குறைபாடு இல்லாதோருக்கும் இவை பயன்படும்.

முதலாவது, வரவு சேரும் இடம் ஒன்றானது. விருந்தினர் செலுத்தும் தொகை கடன் கணக்குள்ள கிளையின் நடப்புக் கணக்குக்கே வரும்படி செய்தோம். ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் எனப்படும் நிலையான ஆணை மூலம் தவணை தானாகவே கழிகிறது. வேறு வங்கியில் கணக்கு வைத்திருப்போர் இதற்குத் தானியங்கிப் பற்று ஆணை அளிக்கலாம்.

இரண்டாவது, தவணை நாள் மாறியது. வார இறுதிகளில் பணம் வரும் தொழிலுக்கு, மாதத்தின் முதல் நாள் என்பது நாங்கள் எங்கள் வசதிக்காக வைத்தது. மாதத்தின் முதல் இரண்டு வார இறுதிகளும் கடந்த பிறகு, 15ஆம் தேதிக்கு அதை மாற்றினோம். பயிர்க்கடனின் தவணை நாளும் அறுவடையை ஒட்டியே அமைய வேண்டும். இல்லையேல் கிளையில் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, வரிக்கும் தவணைக்கும் தனிக்கணக்கு. வரும் பணத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் தானாக அக்கணக்குக்குச் செல்கிறது. கண்ணில் படாத பணம் செலவாவதில்லை.

நான்காவது, துணைக்கு ஓர் ஆள். அவர் விரும்பிக் கேட்டதன்பேரில், கணக்கை இயக்கும் அதிகாரம் எழுத்து மூலம் மனைவிக்கும் அளிக்கப்பட்டது. குறுஞ்செய்திகள் அவருக்கும் செல்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இத்தகைய அதிகாரத்தை முழு நம்பிக்கைக்குரியவருக்கு மட்டுமே அளிக்க வேண்டும். ரகசிய எண்ணையும் கடவுச்சொல்லையும் எவரிடமும் பகிரக் கூடாது.

ஐந்தாவது, ஒரு பெட்டி, ஒரு நாள். வரும் காகிதம் எதுவாயினும் ஒரே பெட்டியில் விழும். வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குக் கணக்கு எழுதுபவர் வருவார். இருவரும் சேர்ந்தமர்ந்து பெட்டியைக் காலி செய்வர். தனியே செய்ய இயலாத வேலை, அருகில் ஒருவர் அமர்ந்திருந்தால் நடந்துவிடுகிறது என்பது இக்குறைபாடு உள்ளோர் பலரின் அனுபவம்.

ஆறாவது, 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தச் செலவுக்கும் இரண்டு நாள் காத்திருப்பு. வாங்க நினைப்பதைச் சுவரிலுள்ள தினசரி நாட்காட்டியில் இரண்டு நாள் தள்ளி எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாள் வரும்போதும் ஆசை மிஞ்சியிருந்தால் வாங்கலாம். நாட்காட்டியில் தவணை நாட்கள் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டுள்ளன.

நாங்கள் கற்றது

தவறு அவருடையது மட்டுமன்று. தமிழ் பேசும் ஒருவருக்கு இரண்டு பக்க ஆங்கிலக் கடிதங்களை அனுப்பிக்கொண்டிருந்தோம். பதில் வராதபோது கடிதத்தின் நீளத்தைக் கூட்டினோமேயன்றி, முறையை மாற்றவில்லை. இப்போது அவருக்குச் செல்வது தமிழில் ஒரே வரி: தொகை, நாள், அழைக்க வேண்டிய எண். கடன் கொடுக்கும்போது திருப்பிச் செலுத்தும் திறனையும் விருப்பத்தையும் எடைபோடுமாறு எங்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. திறனும் விருப்பமும் இருந்து, முறைமை மட்டும் இல்லாத ஒருவர் இருக்கக்கூடும் என்பதை அந்தப் பழப்பெட்டியே எங்களுக்குக் காட்டியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தவணை தவறுவோர் அனைவருக்கும் இக்குறைபாடு உண்டு என்று பொருளன்று. தூக்கமின்மை, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தனவா, வாழ்வின் பல இடங்களிலும் இடர் தருகின்றனவா என்பதையெல்லாம் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. மருந்துகளும் அவர் சீட்டின்படி மட்டுமே. தொடக்க ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு உள்ளதைப் போன்றே மனநோய் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு அளிக்க வேண்டும் என்கிறது. உங்கள் காப்பீட்டு ஆவணத்தை ஒருமுறை பாருங்கள். மருத்துவ விவரங்களை வங்கியிடம் கூற வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. 'எனக்குத் தேதிகள் நினைவில் நிற்பதில்லை' என்று சொன்னாலே போதும். மேற்கண்ட ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம்.

அண்மையில் மீண்டும் காந்தலூர் சென்றோம். திண்ணையின் மேலே பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்கின. உலர்த்துக் கூடத்துக்குக் கூரை போடப்பட்டிருந்தது. ஓராண்டாக ஒரு தவணையும் தவறவில்லை. அவர் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. நாங்கள் அமர்ந்த ஐந்து நிமிடத்தில் புதிய திட்டம் ஒன்றை விவரிக்கத் தொடங்கினார்: பழங்களை உலர்த்திச் சிறு பொட்டலங்களாக விற்க ஓர் இயந்திரம், விலை 85,000 ரூபாய், மறையூரில் ஒருவரிடம் இருக்கிறது, இன்றே போனால் கிடைக்கும். அவர் மனைவி தேநீரை வைத்துவிட்டு நாட்காட்டியைக் காட்டினார். "எழுதி வையுங்க. வெள்ளிக்கிழமை பார்க்கலாம்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து சென்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை மாலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது. இயந்திரம் வேண்டாம் என்று முடிவாகவில்லை. வாடகைக்கு ஒரு மாதம் எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாகியிருந்தது. கடன் தேவைப்படவில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பிரிக்கப்படாத கடிதங்கள் நிறைந்த ஒரு பெட்டி இருக்கலாம். அதைப் பிரிக்க அஞ்ச வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு கிளைக்கு வாருங்கள். சேர்ந்தமர்ந்து பிரிப்போம்.